கொஹிமா: கடைசிப் படிவரை ஏறிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நாகாலாந்து பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். வேலை நிமித்தம் மூன்று ஆண்டுகள் திமாப்பூரில் குடியிருந்தவன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும், 74 கிலோமீட்டர் மலைப்பாதையில் கொஹிமாவுக்கு அழைத்துப்போய், அங்குள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டத்தைக் காட்டிய பிறகுதான் ரயிலேற்றி அனுப்புவேன். அதனால் அந்தக் கட்டுரையில் இருந்த இரண்டு பிழைகளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலாவது, அந்தத் தோட்டத்தின் நினைவுக்கல்லில் உள்ள புகழ்பெற்ற வரி. 'உங்கள் இன்றைக்காக எங்கள் நாளையைக் கொடுத்தோம்' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கல்லில் இருப்பது நேர் தலைகீழ். 'நீங்கள் ஊர் திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று சொல்லுங்கள்' என்பதுதான் அதன் பொருள். பலரும் இப்படி மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் மாற்றினால் வரி செத்துவிடுகிறது. அவர்கள் கொடுத்தது எப்போதோ வரப்போகிற ஒரு நாளை அல்ல. கையில் இருந்த இன்றை, மூச்சு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பொழுதைக் கொடுத்தார்கள்.

சாகும் தறுவாயில் ஒரு சிப்பாய் சொன்னது என்று எழுதியிருப்பதும் சரியல்ல. அந்த வரிகளை எழுதியவராக அறியப்படுபவர் ஜான் மாக்ஸ்வெல் எட்மண்ட்ஸ் என்ற, கிரேக்க இலக்கியம் கற்ற ஆங்கிலேயப் புலவர். எழுதியது முதல் உலகப் போர்க் காலத்தில். தெர்மாப்பிலிப் போரில் மடிந்த ஸ்பார்ட்டா வீரர்களுக்காகக் கவிஞர் சிமோனிடிஸ் பாடியதாகச் சொல்லப்படும் பழைய கிரேக்கப் பாட்டின் சாயல் அதில் இருக்கிறது. கிரேக்கத்தில் பிறந்த ஒரு நினைப்பு இங்கிலாந்து வழியாக வந்து நாகா மலையில் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் அது பிரிட்டிஷ் 2வது டிவிஷன் என்ற படைப்பிரிவின் நினைவுக்கல். பெரிய ஒற்றைப் பாறை. அதை மேலே இழுத்து ஏற்றியவர்கள் நாகா மக்கள். ஊரே திரண்டு கயிறு கட்டிப் பாறையை இழுத்து வந்து நாட்டுவது அங்கே காலங்காலமாக உள்ள வழக்கம். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிய மரபில் வந்த நமக்கு இது எளிதில் புரியும். எழுத்து ஆங்கிலேயருடையது, கல் நிற்கிற விதம் அந்த மண்ணுடையது. காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது, குண்டுப் பெட்டிகளை மலையேற்றியது, காட்டில் வழி காட்டியது, உளவு சொன்னது எல்லாம் அவர்கள். போரில் அவர்களுடைய கிராமமே அழிந்துபோனது. அந்தத் தோட்டம் போர்வீரர்களுக்கானது என்பதால் சுமைதூக்கிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அங்கே பெயர்ப் பலகை இல்லை. என் கண்ணுக்கு அந்தக் கல்தான் அவர்களுடைய கையெழுத்து.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். 'பிரிட்டிஷ் வீரர்களின் கல்லறைத் தோட்டம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதற்குத்தான் இந்தக் கடிதமே. கட்டுரையாளர் வாசல் கல்லைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பார் என்று தோன்றுகிறது. பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தயவுசெய்து மேலே ஏறுங்கள். அந்தத் தோட்டத்தின் அமைப்பே ஏறுவதற்காகப் போட்டது. 1944 ஏப்ரலில், தோட்டம் இருக்கும் இந்தக் காரிசன் குன்றின் சரிவில் டெபுடி கமிஷனர் சார்ல்ஸ் பாசியின் பங்களா இருந்தது. நம் ஊர்க் கலெக்டர் பங்களா மாதிரி. அதற்கு மேலே ஒரு தட்டில் அவருடைய டென்னிஸ் கோர்ட். ஜெனரல் சாட்டோவின் ஜப்பானிய 31வது டிவிஷன் ஊரை வளைத்தபோது, குன்றில் இருந்த பிரிட்டிஷ் இந்தியச் சிறு படை தண்ணீருக்குக்கூட அளவு வைத்துக் குடித்து இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. கடைசியில் இரண்டு தரப்புக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்த டென்னிஸ் கோர்ட் மட்டும்தான். டென்னிஸ் கோர்ட் என்பது 78 அடி நீளம், 36 அடி அகலம். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தை விடச் சிறியது. அதன் குறுக்கே கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். மே மாதம் ஒரு டாங்கியை மேலே கொண்டுவந்து கோர்ட்டுக்குள் இறக்கிய பிறகுதான் அந்த இடம் மீண்டது. மணிப்பூரின் இம்பாலுக்குப் போகும் சாலை திறக்க ஜூன் 22 ஆகிவிட்டது.

போர் முடிந்து தோட்டம் அமைத்தவர்கள் அந்தக் கோர்ட்டை மூடவில்லை. அதன் கோடுகளை வெள்ளைக் கான்கிரீட்டில் அப்படியே பதித்துவைத்தார்கள். சரிவின் தட்டுகளில் கல்லறை வரிசைகள். நிமிர்ந்து நிற்கும் கல் கிடையாது. தாழ்வான கல் பீடங்களில் வெண்கலத் தகடுகள். மழை நாளில் போனால் தகட்டு எழுத்துகளின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். பெயர், படைப்பிரிவு, வயது. 20, 22, 19 என்று படித்துக்கொண்டே நடந்தால் கொஞ்ச தூரத்தில் கால் தானாக நின்றுவிடும். அதிகாரிக்கு ஒரு வரிசை, சிப்பாய்க்கு ஒரு வரிசை என்ற பேதம் இல்லை. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஹார்மனும் ராண்டிலும் மற்றவர்களோடு மற்றவர்களாகத்தான் கிடக்கிறார்கள்.

மொத்தம் 1,420 கல்லறைகள். அவற்றில் முந்நூற்றுக்கும் மேல் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வீரர்களுடையவை. அதற்கும் மேலே, தோட்டத்தின் உச்சியில், தகன நினைவிடம் இருக்கிறது. கொஹிமாவிலும் அஸ்ஸாமின் மற்ற இடங்களிலும் இறந்து, தங்கள் முறைப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. புதைக்கப்படாததால் அவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர் மட்டும்தான். முதல் முறை போனபோது, நம் பக்கத்துப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று விரலை ஓட்டித் தேடினேன். பாதியிலேயே அப்படித் தேடுவது தப்பாகப் பட்டது. விரலை எடுத்துவிட்டு, மேலிருந்து வரிசையாகப் படித்தேன். என் மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் தோட்டத்தில் நிற்கும் ஒரு செர்ரி மரம். ஜப்பானியர் மறைந்திருந்து சுடுவதற்குப் பயன்படுத்திய பழைய மரம் சண்டையில் சிதறிப்போனது. இப்போது நிற்பது அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவுக்குள் ஜப்பானியப் படை முன்னேறிய எல்லை இதுதான் என்றும் அதே பலகை சொல்கிறது.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். இடம் இருந்தால், வாசல் கல்லோடு உச்சியில் உள்ள பெயர்ப் பலகையின் படத்தையும் போடுங்கள். கொஹிமா போக நினைக்கும் வாசகர்கள் திமாப்பூரிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் உச்சியில் பெயர்களைப் படிப்பது கஷ்டம்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்