காரைநகர்க் கடலில் எனக்குத் துணை வந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணை, அக்காமார், ஐயா எல்லோருக்கும்,

இந்த மடலைச் சித்திரை முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டும். சோழகம் என்ற தென்மேல் காற்று எழும்பி, கடலில் இறங்க முடியாமல் நல்லூரில் கதிரையில் குந்திய பிறகுதான் பேனா கைக்கு வந்தது. பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. வாசித்தால் யாருக்கு எது என்று உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவன். கேணி மதிலுக்கு அந்தப் பக்கம் கடல். அந்த மதிலைத் தாண்ட எனக்கு நாற்பது வருடம் பிடித்தது. முழங்கால் நோவுக்கு நீந்தச் சொன்னவர் டொக்டர். கடலில் நீந்துவது என்பது என் சொந்த விசர். 1954இல் பாக்கு நீரிணையைக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியையும், 1971இல் நீந்திப் போய்த் திரும்பியும் வந்த வல்வெட்டித்துறை ஆனந்தனையும் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது எங்கோ ஒட்டிக் கிடந்திருக்கிறது. நான் நீந்தியதென்னவோ ஞாயிறு காலையில் இரண்டு கிலோமீற்றர், கசூரினாக் கடற்கரையிலிருந்து கோவளம் வெளிச்சவீட்டுப் பக்கமாக, அதுவும் பக்கத்தில் படகோடு. மாசி முதல் சித்திரை வரை, வாடை ஓய்ந்து சோழகம் வராத இடைவெளியில் மட்டும்.

படகு ஓட்டிய அண்ணை, முதலில் உங்களுக்கு.

மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். எனக்குக் கீழே கறுப்பு வரியோடு ஒன்று நெளிந்து வந்தது. வால் துடுப்பைப் போலத் தட்டை. கத்துவதற்கு வாயைத் திறந்து உப்புத் தண்ணீரைக் குடித்தேன். நீங்கள் என்ஜினை நிறுத்திவிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல், "தம்பி, காலை அடியாதை. சும்மா கிட. அது மூச்செடுக்க மேல வருது, உன்னைப் பாக்க வரேல்லை" என்றீர்கள். (இந்த வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.) பாம்பு ஒரு முழத் தூரத்தில் மூக்கை வெளியே நீட்டி மூச்செடுத்துவிட்டுக் கீழே போய்விட்டது. பல கடற்பாம்புகளின் நஞ்சு நாகத்தின் நஞ்சைவிடக் கடுமை என்று பிறகு வாசித்தேன். நல்ல வேளை, பிறகுதான் வாசித்தேன். கடிபடுகிறவர்கள் பெரும்பாலும் வலையிலிருந்து மீன் கழற்றும் உங்களைப் போன்றவர்கள்தானாம். அதை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டொல்பின் விஷயமும் சொல்லவேண்டும். உங்களைச் சந்திக்கும் முன், வேறொரு கரையில் ஒருவருடைய படகில் டொல்பின் பார்க்கப் போயிருந்தேன். கூட்டத்தின் நடுவே என்ஜினை முறுக்கி விரட்டினார். குட்டியோடு நின்றது ஒன்று பக்கம் மாறி மாறி ஓடியது. நாங்கள் கைதட்டி வீடியோ எடுத்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. நீங்களோ தூரத்தில் துடுப்பு ஒன்றைக் கண்டதும் என்ஜினை நிறுத்திவிட்டுப் பாணையும் சம்பலையும் எடுத்தீர்கள். சாப்பிட்டு முடிகிற நேரம் அவை தாமாக வந்தன. முதலில் கேட்டது அந்த மூச்சு, சைக்கிள் ரியூப் காற்றுப் போகிற மாதிரி. தலையைத் தண்ணீருக்குள் வைத்தபோது காதுக்குள் 'டிக் டிக்' என்று தட்டியது. அந்தச் சத்தத்தை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

கருவாடு காய விட்டுக்கொண்டிருந்த அக்காமாருக்கு. சொறி (ஜெலிமீன்) பட்ட கையோடு அழாக்குறையாக ஓடிவந்த பெரிய மனுசனைப் பார்த்து நீங்கள் சிரித்தது நியாயம்தான். மண்ணை அள்ளித் தேய்த்துப் போத்தல் தண்ணீரை ஊற்றப் போனேன். ஒரு அக்கா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்: "உரஞ்சாதையுங்கோ! நல்ல தண்ணியும் வேண்டாம்." தோலில் ஒட்டியிருக்கும் இழைகளில் வெடிக்காத நச்சுக் கலங்கள் இன்னும் இருக்கும், தேய்த்தாலும் நன்னீர் பட்டாலும் அவையும் வெடிக்கும். இது நான் பின்னர் தெரிந்துகொண்ட விளக்கம். அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடல் தண்ணீரால் கழுவி, இழைகளைக் கவனமாக எடுத்து, தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணீரைத் தாங்கக்கூடிய அளவுக்கு விளாவி, கையை வாளிக்குள் வைக்கச் சொன்னார். நெஞ்சு இறுகுதா, மூச்சு முட்டுதா என்று கேட்டபடியே 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனைக் கையில் வைத்திருந்தார். அடிக்க வேண்டி வரவில்லை. தேத்தண்ணியும் தந்தீர்கள். இஞ்சி கொஞ்சம் கூட.

இனி ஆமை. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மிதந்த வலைத்துண்டு ஒன்றைப் பழைய சாக்கு என்று நினைத்து நான் கடந்து போய்விட்டேன். கண்டது ஐயா நீங்கள்தான், எழுபது வயதில், கண்ணாடி இல்லாமல். பங்குனி மாதத்தில் ஒரு பங்குனி ஆமை, கழுத்திலும் முன் துடுப்பிலும் வலை சுற்றி, அசையாமல். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வர முடியாவிட்டால் நம்மைப் போல மூழ்கித்தான் சாகும். நான் துடுப்பைப் பிடித்து இழுக்கப் போக, அண்ணை "ஓட்டில பிடி, ஓட்டில பிடி" என்று கத்தினார். மூன்று பேராக ஏற்றினோம். வலையை வெட்டுகிறேன் என்று அண்ணையின் கத்தியை வாங்கிய நான், இரண்டு கண்ணியை வெட்டிவிட்டு அதைக் கடலுக்குள் விட்டேன். மிச்சத்தை ஐயா தன் வெற்றிலைப் பாக்குவெட்டியால் வெட்டினார்.

உயிர் இருக்கிறது, உடனே விட்டுவிடலாம் என்று அவசரப்பட்டேன். ஐயா விடவில்லை. நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் திரும்பப் போடுவது கொல்வதற்குச் சமம் என்றார். பின்பக்கம் உயர்ந்திருக்கக் கிடத்தி, நனைந்த சாக்கைப் போர்த்தி, மூக்கை மட்டும் வெளியே விட்டு நிழலில் வைத்தார். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை நாங்கள் நான்கு சீவனும் அந்தப் படகில் கிடந்தோம். எட்டு மணிக்கு ஒரு மூச்சு; எங்கள் அப்பு சாய்மனைக் கதிரையில் விடும் பெருமூச்சு அச்சாக அதுதான். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. பதினொரு மணிக்குத் துடுப்பால் பலகையில் படார் படார் என்று அடிக்கத் தொடங்கியது. இறக்கிவிட்டபோது நேரே கீழே போனது. திரும்பிப் பார்க்கும் என்று நான் எதிர்பார்த்தது என் மடமை.

அன்று அண்ணைக்கு மண்ணெண்ணெய்க் காசும் நட்டம், தொழிலும் நட்டம். நீட்டிய காசை வாங்கவில்லை.

ஐயா, ஆவுளியாவை, அந்தக் கடற்பசுவை, காட்ட முடியவில்லை என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். சாதாளை என்ற கடற்புல்லை மேயும் அந்த மிருகம் வலையில் பட்டால் ஊரே இறைச்சி பங்குபோட்ட காலத்தை, நீங்களும் தின்றதை, மறைக்காமல் சொன்னீர்கள். 2022இல் தமிழ்நாடு தன் பக்கத்துப் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாக்களுக்கென்று ஒதுக்கியதை நான் சொன்னபோது, "அங்கை இருந்து இங்கை வர அதுக்கு பாஸ்போட் தேவையில்லையே" என்று கேட்டீர்கள். சாதாளைக்குள் உழுதது போல ஓடிய அந்தத் தடத்தை என் கையைப் பிடித்துத் தொடவைத்தீர்கள். அதுவாக இருக்கலாம், நங்கூரம் இழுத்ததாகவும் இருக்கலாம் என்றும் நீங்களே சொன்னீர்கள். எனக்கு அது போதும்.

அண்ணை, வாடியில் ஒரு பார்சல் குடுத்துவிட்டிருக்கிறேன். காசு இல்லை, பயப்படாதையுங்கோ. கத்தி. இந்த முறை பிடியில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் தக்கை போட்டிருக்கிறேன், மாசியில் திரும்பவும் என் கையில் தருவீர்கள் என்ற நம்பிக்கையில்.

உங்கள்
நல்லூர்த் தம்பி