புள்ளி வைக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், 'ஒரு வாக்கியம் பத்துச் சொற்களைத் தாண்டக் கூடாது' என்று அறிவுரை வந்திருந்தது. அச்சகத்தில் நாற்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் வீட்டுப்பாடத்தோடு என்னிடம் வருவார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பா மீன் வாங்கி வந்ததைப் பற்றி எழுதியிருந்தாள்: 'அப்பா காசிமேட்டுக்குப் போனார் வஞ்சிரம் விலை அதிகமாக இருந்தது சங்கரா வாங்கி வந்தார் அம்மா குழம்பு வைத்தார் நான் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.' பள்ளியில் சிவப்பு மையில் 'நீளம்' என்று மட்டும் குறித்திருந்தார்கள். குழந்தை என்ன செய்யும்? நட்டநடுவில் ஒரு புள்ளியை வைத்தாள். அது 'சங்கரா வாங்கி' என்ற இடத்தில் போய் விழுந்தது.

அதையே இப்படியும் எழுதலாம்: 'அப்பா காசிமேட்டுக்குப் போய், வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு, திகைத்து நின்று, கடைசியில் சங்கராவை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.' இதில் பதின்மூன்று சொற்கள். ஆனாலும் பழுதில்லாத ஒரே வாக்கியம். போய், கேட்டு, நின்று எல்லாம் எச்சங்கள்; சொல்ல வேண்டியதை மிச்சம் வைத்துக்கொண்டு நிற்பவை. செயலை முடித்துச் சொல்லும் 'திரும்பினார்' என்ற முற்று வந்ததும் அடங்கிவிடுகின்றன. அவள் எழுதியதிலோ ஐந்து வினைமுற்றுகள். தேடிக் கோடு போடச் சொன்னேன். ஐந்து கோடுகள், ஐந்து புள்ளிகள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஓலைச்சுவடியில் முற்றுப்புள்ளியா இருந்தது? உரைநடையைப் படித்தவர்கள் வினைமுற்றைப் பிடித்துக்கொண்டுதான் படித்தார்கள்.

விலக்குகளும் உண்டு. 'வருகிறேன் என்றார்' என்பதில் முதல் முற்றை 'என்றார்' விழுங்கிவிடும். 'அம்மா செவிலியர்' என்பதில் வினையே கிடையாது. இவற்றை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆங்கில வகுப்பின் விதியை அப்படியே தமிழுக்கு இழுத்து வருவதுதான் பெரிய தொல்லை. எழுவாய் இல்லாத 'வந்தேன்' வாக்கியமாகுமா என்று ஒரு பையன் கேட்டான். அந்த 'ஏன்' விகுதியிலேயே 'நான்' உட்கார்ந்திருக்கிறதே! முழு வாக்கியங்கள் இரண்டை வெறும் காற்புள்ளியால் ஒட்டினால் ஆங்கிலத்தில் பிழை. தமிழில் 'வந்தான், பார்த்தான், போனான்' என்று எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மறுநாள் அந்தப் பெண் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். ஒரு செய்தியில் இடையில் காற்புள்ளிகூட இல்லாமல் மூன்று முற்றுகளுக்கு ஒரே புள்ளி. கோடு போட்டே கொண்டுவந்திருந்தாள். நறுக்கி, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.