ரத்த ஓட்டம் கூடக் கூட நல்லதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்த கர்ப்பகால ஹார்மோன் கட்டுரையில், 'ஆரம்பத்திலிருந்தே ரத்த ஓட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது' என்றொரு வரி. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது என் வேலை. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆறாவது வாரத்தில் கருவின் மேல் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஸ்கேன்) போட மாட்டோம். தேவைப்பட்டால் சினைப்பையை மட்டும் பார்ப்போம். முட்டை வெளியேறிய இடத்தில் உருவான கார்பஸ் லூட்டியத்தைச் சுற்றி, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு வளையம் மின்னும். 'நெருப்பு வளையம்' என்போம். "கட்டியா மேடம்?" என்று பதறாதவர்கள் குறைவு. கட்டி இல்லை. வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு காட்டுகிறதே, அதே எச்.சி.ஜி. ஹார்மோன்தான் கார்பஸ் லூட்டியத்தை வாடவிடாமல் தாங்குகிறது, வி.ஈ.ஜி.எஃப். என்ற ரத்தநாள வளர்ச்சிக் காரணியையும் அங்கே சுரக்க வைக்கிறது. நாளங்கள் படர்ந்தால்தான், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனுக்கு மூலப்பொருளான கொலஸ்ட்ரால் வந்து சேரும். ஏறத்தாழ 7 முதல் 9 வாரத்துக்குள் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் பொறுப்பு நஞ்சுக்கொடிக்கு மாறிவிடும்.

கருப்பைக்குள் நிலைமை வேறு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் உள்சவ்வின் நாளங்களைத் தயார்ப்படுத்துவது உண்மை. ஆனால் தாயின் ரத்தம் உடனே உள்ளே பாய்வதில்லை. நஞ்சுக்கொடி செல்கள், கருப்பைச் சுவரிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகளின் வாயை அடைத்து நிற்கும். அங்கே ஆக்சிஜன் அழுத்தம் 8 வாரத்தில் சுமார் 20 மி.மீ. பாதரசம்தான், 12 வாரத்தில் 50ஐத் தாண்டும். அடைப்பு முன்கூட்டியே விலகி ரத்தம் புகுந்துவிட்டால் கரு தாங்காது. கருச்சிதைவான பலரிடம் இதைக் கண்டிருக்கிறார்கள்.

வி.ஈ.ஜி.எஃப். மிஞ்சினாலும் தொல்லைதான். 1983இல் அதை அடையாளம் கண்டதே நாளங்களைக் கசிய வைக்கும் பொருளாகத்தான். குழந்தையின்மை சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசிக்குப் பிறகு சிலருக்கு சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான்.

குறைந்தாலும் ஆபத்து உண்டு. அதைக் கட்டுரை தொடவே இல்லை. 11 முதல் 13 வாரத்தில் ரத்தத்தில் பி.எல்.ஜி.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி குறைவாக இருந்தால், பின்னால் முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் கோளாறு) வரக்கூடும் என்பதற்கான அறிகுறிகளில் அது ஒன்று. கருப்பைத் தமனி ஸ்கேனையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்து அதிகம் என்றால் மருத்துவர் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார். அதுவும் எல்லோருக்கும் அல்ல.

கட்டுரையோடு 'ரத்த ஓட்டம் கூட்டும் மாத்திரைகள்' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே அதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கேன் பிரிவில் பணிபுரியும் வாசகி