கியோட்டோ நடைமேடையில் தடுத்த அம்மாவுக்கு நன்றி

ஜப்பானின் கியோட்டோ ரயில் நிலையத்தில், நாரா லைன் நடைமேடையில் எங்கள் மாணவர் கூட்டம் ஏறப்போன வண்டியைக் காட்டி, இரு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்துத் தடுத்தீர்களே அம்மா, அதற்கு நன்றி. அது மியாகோஜி விரைவு வண்டி. ஃபுஷிமி இனாரி கோயிலுக்கு இறங்கும் இனாரியில் நிற்காது. தோஃபுகுஜியை விட்டால் அடுத்த நிறுத்தம் ரொக்குஜிசோதான்! சாதாரண வண்டியில் இனாரி இரண்டாவது நிறுத்தம், எதிரிலேயே செந்நிறத் தோரண வாயில்.

பஸ் பாடமும் உங்களுடையதே. பெரும்பாலான சிட்டி பஸ்களில் பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது 230 யென் போட வேண்டும். பெட்டி மீதி தராது. 1000 யென் தாளை அதிலேயே தனித் துளையில் விட்டு, முன்னதாகச் சில்லறையாக்கிக்கொள்ள வேண்டும். இறங்குகிற நேரத்தில் இருபது பேரும் மாற்ற நின்றால் பஸ் நகராது. உங்கள் பெயரைக் கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.