அடித்தள ஆண்டு வீண் அல்ல

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு 13 ஆண்டு. அதனால் 12 ஆண்டு முடித்து வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலர், பட்டப்படிப்புக்கு முன் 'ஃபவுண்டேஷன்' ஆண்டு படிக்க வேண்டியிருக்கிறது. பணமும் வருடமும் வீண் என்றுதான் நானும் நினைத்தேன்.

சமூகவியல் படிக்கப் போன என் தங்கை மகளின் முதல் கட்டுரை, ஓரத்தில் 'இது யார் கருத்து? ஆதாரம் எங்கே?' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்கிய பெண், போனில் அழுதுவிட்டாள். அப்புறம் அந்த ஒரு வருடத்தில்தான் மேற்கோள் காட்டவும், அறிஞர்கள் முரண்படும் இடத்தில் தன் நிலையை வாதிடவும் கற்றாள். சமூக அறிவியலுக்கு இதுதானே அடிப்படை! நம் மேல்நிலை வகுப்புகளிலேயே இதைக் கற்றுத்தர வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை