'கிளீன்' விளக்கு எரியும் முன்பே உப்படைத்து நின்ற காபி மேக்கர்: வாரண்டி மறுப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் டிரிப் காபி மேக்கர் வாரண்டி காலத்துக்குள்ளேயே நின்றுபோனது. சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே உப்பு படிந்துள்ளது, வாடிக்கையாளர் பராமரிக்கவில்லை, வாரண்டி பொருந்தாது" என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உப்பு படிந்தது உண்மை. பராமரிக்கவில்லை என்பது உண்மையல்ல. அந்த வரியை நீக்கக் கோரியே இக்கடிதம்.

மேக்கரின் முகப்பில் 'கிளீன்' என்றொரு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்யவும் என்பதுதான் உட்குழாய்ச் சுத்தம் பற்றிக் கையேட்டில் உள்ள ஒரே வரி. மேக்கர் நின்றுபோகும் வரை அந்த விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. காரணத்தைத் தங்கள் டெக்னீஷியனே சொன்னார்: விளக்கு தண்ணீரைச் சோதிப்பதில்லை, எத்தனை தடவை காபி போட்டோம் என்பதை மட்டும் எண்ணுகிறது. உப்புத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ, அதற்கு ஒரே கணக்கு. தாங்கள் வைத்த விளக்கை நம்பியதற்கு எங்கள் மேல் எப்படிக் குறை சொல்ல முடியும்?

தாமிரபரணித் தண்ணீருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். பொதிகைப் பாறையிலிருந்து இறங்கும் தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. ஆனால் ஆற்றுத் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. வராத நாளில் போர் தண்ணீர்தான். தாழையூத்தில் சிமெண்டு ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை படியாமல் இருக்காது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மையை (கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்து, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் போர் தண்ணீர் 400ஐ ஒட்டி வருகிறது. ஆய்வக அறிக்கையை இணைத்துள்ளேன். நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 12 கிராம் உப்பு மேக்கரின் குழாய் வழியே போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு ஒட்டினாலே மாதம் ஒரு கிராமுக்கு மேல். "ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்" என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். கையேட்டில் 'குழாய்த் தண்ணீர்' என்றல்லவா அச்சிட்டிருக்கிறீர்கள்?

பழுது எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தண்ணீர் தொட்டியின் அடித்துளை வழியாக இறங்கி, ஒருவழி வால்வைத் தாண்டி, வளைந்த அலுமினியக் குழாய்க்குள் போகிறது. ஹீட்டர் அதோடு ஒட்டியிருக்கிறது. இந்த மாடலில் பம்பு கிடையாது. கொதிக்கும்போது எழும் நீராவிக் குமிழிகள்தான் தண்ணீரை மேலே, தூள் மீது தூவும் ஷவர் தட்டுக்குத் தள்ளுகின்றன. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் பிரிந்து, கால்சியம் கார்பனேட்டாக இந்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டுகிறது. படிவு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே நிற்கும். தெர்மோஸ்டாட் அடிக்கடி துண்டிக்கும். காபி இறங்கும் நேரம் நீளும். பிறகு, பெயர்ந்த துணுக்கு வால்வில் சிக்கும். வால்வு மூடாததால் நீராவி தொட்டிக்கே திரும்பி, தொட்டித் தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளிக்கும். கடைசியில், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் போகும். அது போனால் போனதுதான், மாற்றியே ஆக வேண்டும்.

எங்கள் மேக்கரிலும் இதே வரிசைதான். அடித்தட்டைக் கழற்றியபோது நேரில் பார்த்தேன்: பென்சில் நுழையும் குழாய் தீக்குச்சி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. சிலிக்கோன் வால்வின் நாக்குக்கு அடியில் வெள்ளைத் துணுக்கு ஒன்று குறுக்கே நின்றது. காபி இறங்க நேரம் கூடியபோதே உப்பு நீக்கியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. ஆனால் அந்த அறிகுறிக்குக் கையேடு சொல்வது, "சர்வீஸ் சென்டரை அணுகவும்" என்பது மட்டும்.

வினிகர் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு வினிகர், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று இல்லை. இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தொட்டியில் ஊற்றவும். (வினிகரானால் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர், ஆனால் அதன் வாடை ரப்பரில் தங்கிவிடும், சிட்ரிக் ஆசிட்டே மேல்.) கரி ஃபில்டர் இருந்தால் முதலில் எடுத்துவிடவும். தூள் கூடையில் வெறும் பேப்பர் ஃபில்டர் ஒன்று போட்டால் பெயர்ந்து வரும் துணுக்குகள் அதில் நிற்கும். சுவிட்சைப் போட்டு, பாதி இறங்கியதும் நிறுத்தி, அரை மணி நேரம் ஊறவிடவும். படிவு கரைவது அந்த ஊறலில்தான். பிறகு மீதியை ஓடவிட்டு, வெறும் தண்ணீரை இரண்டு மூன்று தொட்டி ஓட்டிக் கழுவவும். இன்னும் மெதுவாக இறங்கினால் திரும்பவும் ஒருமுறை. கடினத்தன்மை 200க்குக் கீழ் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். 400ஐத் தொட்டால் மாதாமாதம் வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கம் குழாயிலும் டைல்ஸிலும் உப்பு படிந்தால் கடையில் கடும் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக்) வாங்கி ஊற்றுவார்கள். அதையே யாராவது காபி மேக்கரில் ஊற்றினால் அலுமினியக் குழாய் அரித்து ஓட்டையாகும். பக்கத்திலேயே மின்சார இணைப்பு இருக்கிறது. குடிக்கும் பொருள் போகும் வழியும் அதுதான். ஊற்றக்கூடாது என்று ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லை. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. வீட்டில் காபி போடும் பெரியவர்கள் எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள்?

அமைப்பிலும் குறை உண்டு. ஷவர் தட்டு ரிவெட் அடித்து மூடியிருக்கிறது. திருகாணி இருந்தால் கழற்றி, அடைந்த துளையைக் குண்டூசியால் குத்திவிடலாம். கூடையின் அடியில் சொட்டு நிறுத்தும் ஸ்பிரிங் வால்வும் கழலாது. ஃபில்டர் காபிக்கு அரைக்கும் தூள் நைசு. பெரும்பாலும் சிக்கரி கலந்தது (விதிப்படி 49 சதவீதம் வரை கலக்கலாம்). அது ஈரத்தில் இளகி ஸ்பிரிங்கின் இடுக்கில் ஒட்டிக் காய்கிறது. வால்வு மூடாவிட்டால் ஜக்கை எடுத்ததும் சூட்டுத்தட்டில் சொட்டிக் கருகும். திறக்காவிட்டால் கூடை நிரம்பி டிகாஷன் வெளியே வழியும். தமிழ்நாட்டில் விற்கும் மேக்கரில் இந்தத் தூளை எதிர்பார்த்திருக்க வேண்டாமா?

ஆகவே, ஜாப் கார்டில் உள்ள 'பராமரிக்கவில்லை' என்ற குறிப்பை நீக்கி, ஹீட்டர் குழாய், தெர்மல் ஃபியூஸ், வால்வு மூன்றையும் வாரண்டியிலேயே மாற்றித் தர வேண்டும். சின்னஞ்சிறு சிலிக்கோன் வால்வு தனியாகக் கிடையாது, அடிப்பாகம் முழுவதையும் வாங்குங்கள் என்பது நியாயமே இல்லை. வால்வும் வாஷரும் திருநெல்வேலி சர்வீஸ் சென்டரிலேயே தனியாகக் கிடைக்க வேண்டும். உப்பு நீக்கும் முறையையும் ஆசிட் எச்சரிக்கையையும் தமிழில் அச்சிட்டு, இம்மாடலை வாங்கிய எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். விளக்கின் கணக்கைத் தண்ணீருக்குத் தக்கபடி மாற்ற வழி செய்யும் வரை, அதை மட்டும் நம்பக்கூடாது என்பதையும் அதில் சேருங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் கார்டு நகல், தண்ணீர் ஆய்வக அறிக்கை, குழாய் மற்றும் வால்வின் புகைப்படங்கள்.