"முழுமையாகப் பொருந்தும்" என்று அனுப்பப்பட்ட ஸ்விட்ச் மாட்யூல் பற்றிய புகார்

அனுப்புநர்:
சர்வர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்புக் குழு

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஒரே சேசிஸில் பழைய, புதிய தலைமுறை ஸ்விட்ச் மாட்யூல்கள் சேர்ந்து இயங்காமை – தீர்வு கோருதல்

ஐயா / அம்மையீர்,

எங்களிடம் உள்ள உங்கள் பிளேடு சேசிஸின் (பிளேடு எனப்படும் மெல்லிய சர்வர்கள் பலவற்றை ஒன்றாக வைக்கும் பெட்டி) 1, 2 ஆம் ஸ்லாட்டுகளில், அந்தச் சர்வர்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பழைய தலைமுறை ஸ்விட்ச் மாட்யூல்கள் இரண்டு இருந்தன. இரண்டாம் ஸ்லாட்டில் இருந்தது பழுதாகி மாற்று கேட்டபோது, பழைய மாடல் தயாரிப்பில் இல்லை என்றும் புதிய தலைமுறை மாட்யூல் "முழுமையாகப் பொருந்தும்" என்றும் எழுத்தில் சொல்லி அனுப்பினீர்கள். மாட்யூல் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, மின்சாரம் வந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. பொருத்தம் அதோடு சரி.

முதல் குறை, பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளுக்கு இடையிலான உள் இணைப்பு. 1-உம் 2-உம் மிட்பிளேன் (பிளேடுகளையும் மாட்யூல்களையும் இணைக்கும் நடுப்பலகை) வழியாகத் தமக்குள் இணைக்கப்பட்ட ஜோடி. இரண்டிலும் ஒரே வகை மாட்யூல் இருந்தால்தான் அந்த லிங்க் எழும். இப்போது அது செத்துக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே டொமைனில் (ஒன்றாக நிர்வகிக்கும் குழுவில்) சேர்க்க முயன்றால் நிர்வாக மென்பொருள் மறுக்கிறது. மேல் வரிசையில் ஒரு தலைமுறை, கீழ் வரிசையில் இன்னொரு தலைமுறை என்று வைக்கலாம், ஒரே வரிசையில் கலக்கக் கூடாது என்ற விதி உங்கள் நிறுவல் கையேட்டின் ஓர் அடிக்குறிப்பில் இருக்கிறது. விற்பனைப் பிரிவு அனுப்பிய பொருத்தப் பட்டியலில் அது இல்லை. விலைப்புள்ளி தரும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டாம் குறைதான் பெரிது. சேசிஸில் உள்ள 8 பிளேடுகளில் 5-இன், இரண்டாம் ஸ்லாட்டுக்குப் போகும் இரண்டாம் போர்ட் 10 ஜிகாபிட்டுக்குப் பதில் 1 ஜிகாபிட்டில்தான் இணைகிறது. போர்ட் நிலைப் பட்டியலில் அந்த ஐந்துக்கும் நேரே 1000 (மெகாபிட், அதாவது 1 ஜிகாபிட்) என்று காட்டுகிறது. விளக்கு பச்சையாகவே எரிவதால் பட்டியலைத் திறந்து பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது. ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனைகளும் வேகத்தைத் தாமே பேசி முடிவு செய்வதை) நிறுத்தி 10 ஜிகாபிட் என்று கையால் அமைத்தால் லிங்க் மொத்தமாக விழுகிறது.

காரணம் தெளிவானது. அந்த 5 பிளேடுகளின் மதர்போர்டில் பதிந்துள்ள நெட்வொர்க் போர்ட்டுகளுக்குத் தெரிந்த 10 ஜிகாபிட் இணைப்பு வகை 10ஜிபேஸ்-கேஎக்ஸ்4. அதாவது 4 லேன்கள் (தரவு போகும் தனித்தனித் தடங்கள்), ஒவ்வொன்றும் 3.125 கிகாபாட் (வினாடிக்கு இத்தனை நூறு கோடி குறிகள்), 8பி/10பி குறியீடு (8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்பும் முறை). நீங்கள் அனுப்பிய மாட்யூலுக்குத் தெரிந்தது 10ஜிபேஸ்-கேஆர். ஒரே லேன், 10.3125 கிகாபாட், 64பி/66பி குறியீடு. இரண்டுமே 2007-இல் வந்த ஐஇஇஇ 802.3ஏபி தரத்தில் உள்ளவை, இரண்டுமே 10 ஜிகாபிட்தான். ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. இரு பக்கமும் அறிந்த ஒரே பொது வகை 1 ஜிகாபிட்டுக்கான 1000பேஸ்-கேஎக்ஸ் என்பதால் லிங்க் அதில் போய் நிற்கிறது. மீதி 3 பிளேடுகளின் போர்ட்டுகள் கேஎக்ஸ்4, கேஆர் இரண்டையும் ஏற்பவை. அதனால்தான் அவை மட்டும் 10-இல் ஓடுகின்றன.

இதற்கு உங்கள் உதவிப் பிரிவு மூன்று முறை தந்த பதில் "டிரைவரைப் புதுப்பிக்கவும்" என்பது. லேன் எண்ணிக்கையும் குறியீடும் ஒத்துவராத இடத்தில் டிரைவர் என்ன செய்யும்? நான்காம் முறை, பிளேடுகளில் புதிய மெசனைன் கார்டு (பிளேடுக்குள் கூடுதலாகச் செருகும் நெட்வொர்க் கார்டு) போடச் சொன்னார்கள். இந்தச் சேசிஸில் 1, 2 ஆம் ஸ்லாட்டுகளுக்குப் போவது மதர்போர்டு போர்ட்டுகள். மெசனைன் கார்டின் போர்ட்டுகள் 3, 4 ஆம் ஸ்லாட்டுகளுக்குப் போகின்றன. எனவே எந்தக் கார்டைப் போட்டாலும் இரண்டாம் ஸ்லாட்டின் நிலை மாறாது. மிட்பிளேன் பழுதாக இருக்கலாம் என்ற சந்தேகமும் வேண்டாம். இரு மாட்யூல்களையும் இடம் மாற்றிப் போட்டபோது குறையும் மாட்யூலோடு சேர்ந்தே முதல் ஸ்லாட்டுக்கு நகர்ந்தது.

இதன் ஆபத்து சாதாரண நாளில் தெரியாது. அந்தப் பிளேடுகள் முதல் போர்ட்டில் வேலை செய்ய, இரண்டாம் போர்ட் மாற்று வழியாகக் காத்திருக்கிறது. முதல் ஸ்லாட் மாட்யூல் நின்றால் 10 ஜிகாபிட்டில் ஓடிய போக்குவரத்து முழுவதும் 1 ஜிகாபிட்டுக்குள் நுழைய வேண்டும். ஸ்டோரேஜ் போக்குவரத்தும் அதே வழியில் போகும்போது பாக்கெட்டுகள் விழும், காலாவதிப் (டைம்அவுட்) பிழைகள் வரிசையாக வரும். மாற்று வழி எதற்காக இருக்கிறதோ அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

ஃபர்ம்வேரிலும் (மாட்யூலுக்குள் பதிந்துள்ள மென்பொருள்) வழியில்லை. புதிய மாட்யூல் ஏற்கும் மிகப் பழைய பதிப்பே, பழைய மாட்யூலுக்கு வெளியான கடைசிப் பதிப்பைத் தாண்டியது. சேசிஸ் நிர்வாக மாட்யூலை முதலில், பிறகு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக என்று உங்கள் வரிசைப்படியே செய்தும் இரண்டுக்கும் பொதுவான பதிப்பு கிடைக்கவில்லை.

நாங்கள் கேட்பது இதுதான். பழைய தலைமுறை மாட்யூல் ஒன்றை உங்கள் உதிரிபாக இருப்பிலிருந்து, புதுப்பித்ததாக இருந்தாலும் சரி, இரண்டாம் ஸ்லாட்டுக்குத் தந்து, நீங்கள் அனுப்பிய புதியதைத் திரும்பப் பெறுங்கள். அது இயலாதென்றால் இன்னொரு புதிய மாட்யூலும், அந்த 5 பிளேடுகளுக்கு கேஆர் ஏற்கும் மெசனைன் கார்டுகள் 5-உம் கூடுதல் கட்டணமின்றித் தாருங்கள். 3, 4 ஆம் ஸ்லாட்டுகள் காலியாக உள்ளன. புதிய ஜோடியை அங்கே வைக்கலாம். மீதி 3 பிளேடுகளை முதல் ஸ்லாட்டில் உள்ள பழைய மாட்யூலிலேயே விடாமல் அவற்றுக்கும் சேர்த்து மொத்தம் 8 கார்டுகள் தந்தால் பழைய மாட்யூலையே கழற்றிவிடலாம். எங்களுக்கு உகந்தது அதுவே.

பொருத்தப் பட்டியலைத் திருத்துவதும் அவசியம். "பொருந்தும்" என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக, ஒவ்வொரு மாட்யூலுக்கும் நேரே பக்கத்து ஸ்லாட்டில் எது வரலாம், கேஎக்ஸ்4, கேஆர் போன்ற எந்த பேக்பிளேன் வகைகளை ஏற்கும், குறைந்தபட்ச ஃபர்ம்வேர் எது என்று எழுதுங்கள். லிங்க் 1 ஜிகாபிட்டுக்கு இறங்கும்போது நிர்வாக மென்பொருள் எச்சரிக்கை தர வேண்டும்.

போர்ட் நிலைப் பட்டியல், இடம் மாற்றிச் சோதித்த பதிவு, நீங்கள் எழுத்தில் தந்த உறுதி ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளோம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். டிக்கெட்டை அதுவரை மூட வேண்டாம்.

இப்படிக்கு,
சர்வர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்புக் குழு